மாற்றக்கூடிய முடிவும் மாற்ற முடியாத முடிவும்: புத்தொழில் தலைமை பற்றி ஓர் ஆய்வு

புதிதாகத் தொடங்கிய ஒரு நிறுவனம் முதல் ஆறு மாதங்களில் எதற்கு எவ்வளவு நேரம் செலவிட்டது என்று கணக்கெடுத்தால் வியப்பாக இருக்கும். நிறுவனத்தின் பெயர், லோகோ, இணையதளத்தின் முகப்பு, அலுவலகம் தரமணியிலா அண்ணா நகரிலா என்பதற்கெல்லாம் வாரக்கணக்கில் விவாதம் நடந்திருக்கும். யாருக்கு எத்தனை பங்கு, யாரிடம் பணம் வாங்குவது, கூட்டாளிகளில் ஒருவர் பாதியில் விலகினால் அவர் பங்கு என்னவாகும் என்பவை ஒரு மாலை நேரப் பேச்சிலேயே முடிந்திருக்கும். முதல் வகை முடிவுகள் பிடிக்கவில்லையென்றால் அடுத்த மாதமே மாற்றிவிடலாம். இரண்டாம் வகையை மாற்ற வழக்கறிஞர் வேண்டும், பணம் வேண்டும், பல ஆண்டுகள் வேண்டும். சில சமயம் நட்பையும் விலையாகக் கொடுக்க வேண்டும்.

புத்தொழில் தலைமை பற்றி நாற்பது, ஐம்பது ஆண்டுகளாக எழுதப்பட்டு வரும் ஆய்வுகளையும் நிறுவனர்களின் நினைவுக் குறிப்புகளையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான். நிறுவனர்கள் சறுக்குவது பெரும்பாலும் துணிச்சல் குறைவினாலோ அறிவுக் குறைவினாலோ அல்ல. யோசிக்க வேண்டிய இடத்தில் அவசரப்படுகிறார்கள், அவசரப்படலாம் என்கிற இடத்தில் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தப் பாகுபாட்டைப் பலரும் அறியும்படி செய்தவர் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ். 2015-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் அவர் முடிவுகளை இரண்டாகப் பிரித்தார். ஒருவழிக் கதவு போன்றவை ஒரு வகை: உள்ளே போனால் திரும்பி வர முடியாது. இருவழிக் கதவு போன்றவை இன்னொரு வகை: பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம். பெரிய நிறுவனங்கள் எல்லா முடிவையும் முதல் வகையாகவே நடத்தி மெத்தனமாகிவிடுகின்றன என்பது அவர் சொன்ன குறை. அடுத்த ஆண்டுக் கடிதத்தில், தேவைப்படும் தகவலில் 70 சதவீதம் கையில் வந்ததுமே பெரும்பாலான முடிவுகளை எடுத்துவிட வேண்டும் என்றும் எழுதினார். இன்றைக்கு எல்லாக் கருத்தரங்குகளிலும் ஒலிப்பது இந்த 70 சதவீதம்தான். முதல் கடிதத்தின் அடிக்குறிப்பில் அவர் எழுதியதை யாரும் சொல்வதில்லை. திரும்ப முடியாத முடிவுகளை இலேசான முறையில் எடுக்கும் பழக்கமுள்ள நிறுவனங்கள் பெரிதாவதற்கு முன்பே அழிந்துவிடுகின்றன, அதனால்தான் அவை நம் கண்ணில் படுவதில்லை என்பதே அதன் சாரம். அமேசான் போன்ற பெருநிறுவனத்துக்கு இது அடிக்குறிப்பு. பத்துப் பேர் கொண்ட நிறுவனத்துக்கு இதுவே தலைப்புச் செய்தி.

இதற்கான ஆதாரங்களை அதிகம் திரட்டியவர் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பணியாற்றிய நோவம் வாசர்மேன். அமெரிக்கப் புத்தொழில்களின் நிறுவனர்களை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து 2012-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் பார்த்த நிறுவனர் குழுக்களில் ஏறக்குறைய முக்கால்வாசி, தொடங்கிய ஒரு மாதத்துக்குள் பங்குகளைப் பிரித்துக்கொண்டிருந்தன. யார் முழுநேரமாக வருவார், யார் வேலையை விடத் தயங்குவார், யாருடைய திறமை இரண்டாம் ஆண்டிலும் தேவைப்படும் என்பது எதுவும் தெரியாத மாதம் அது. சங்கடமான பேச்சைத் தவிர்க்கச் சமமாகப் பிரித்துக் கைகுலுக்கிவிடுகிறார்கள். அப்படி அவசரமாகச் சமமாகப் பிரித்துக்கொண்ட குழுக்கள் பிறகு முதலீடு திரட்டச் சிரமப்பட்டன என்பதும் அவரும் தாமஸ் ஹெல்மனும் சேர்ந்து செய்த ஆய்வில் தெரியவந்தது. சமமாகப் பிரிப்பதே தவறு என்று நான் இதைப் படிக்கவில்லை. முதல் கடினமான உரையாடலையே தவிர்த்தவர்கள் அடுத்தடுத்த கடினமான உரையாடல்களையும் தவிர்ப்பார்கள் என்றே படிக்கிறேன்.

நம் ஊரில் இந்தச் சங்கடம் இன்னும் கூடுதல். கூட்டாளி என்பவர் கல்லூரி விடுதி நண்பராக இருப்பார், மச்சானாக இருப்பார், சித்தப்பா மகனாக இருப்பார். அவரிடம் போய் “நீ ஒரு வருஷத்தில் விலகிட்டா உன் பங்கு என்ன ஆகும்?” என்று கேட்பது அவநம்பிக்கையாகத் தோன்றும். வெஸ்டிங் என்கிற ஏற்பாடு இந்தக் கேள்வியை நட்பின் மீதிருந்து தூக்கித் தாளில் வைக்கிறது. பங்கு முழுவதும் முதல் நாளே கைக்கு வராது. வழக்கமாக நான்கு ஆண்டுகளில், முதலாண்டு முடிந்த பிறகுதான், கொஞ்சம் கொஞ்சமாகச் சொந்தமாகும். இடையில் விலகுபவர் உழைத்த காலத்துக்கான பங்கோடு போவார். திரும்ப முடியாத ஒரு முடிவைப் பாதியளவாவது திரும்பக்கூடியதாக மாற்றும் கருவி இது. இரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடக்கூடிய இதைத் தள்ளிப்போட்டதால் முறிந்த கூட்டுகள் ஏராளம்.

அடுத்த பெரிய ஒருவழிக் கதவு பணம். இதைப் புரிந்துகொள்ளச் சென்னையைவிட நல்ல பாடசாலை கிடையாது. ஒரே ஊரில், ஒரே துறையில், நேர் எதிரான முடிவுகளை எடுத்த இரண்டு நிறுவனங்கள் இங்கே வளர்ந்தன.

அட்வென்ட்நெட் என்ற பெயரில் 1996-இல் தொடங்கிய ஜோஹோ, வெளியாரின் துணிகர முதலீட்டை ஏற்காமலே வளர்ந்தது. தொலைத்தொடர்புத் துறைக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்த அந்த நிறுவனத்தை 2000-களின் தொடக்கத்தில் அத்துறையில் ஏற்பட்ட சரிவு உலுக்கியது. அதன் பிறகுதான் மேனேஜ்இன்ஜின் என்ற தகவல் தொழில்நுட்ப மேலாண்மை மென்பொருள், அதைத் தொடர்ந்து ஜோஹோ என்ற இணையவழி மென்பொருள்கள் என்று திசை மாறியது. அதன் இணை நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவின் பேட்டிகளில் கிராமம், எளிமை என்பவைதான் அதிகம் பேசப்படுகின்றன. ஆனால் அவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பணம் பற்றிய அந்த ஒரு முடிவு. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்த மாணவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவித்து வேலைக்கு அமர்த்தும் ஜோஹோ பள்ளிகள், தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் ஆகிய இரண்டும் பலன் தரப் பல ஆண்டு பிடிக்கும் செலவுகள். ஏழெட்டு ஆண்டுகளில் பணத்தைப் பெருக்கித் திருப்பித் தர வேண்டிய நிதியத்தின் பிரதிநிதி இயக்குநர் குழுவில் இருந்திருந்தால், அவரை இதற்குச் சம்மதிக்க வைப்பது பெரும்பாடு.

அதே ஜோஹோவில் பணியாற்றிய கிரீஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து 2010-இல் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் நிறுவனமான ஃபிரெஷ்டெஸ்கைத் தொடங்கினார். போட்டியாளரான சென்டெஸ்க் விலையை உயர்த்தியதும் வாடிக்கையாளர்கள் இணையத்தில் கொதித்ததைப் படித்தபோது இந்த எண்ணம் பிறந்ததாக அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தச் சந்தை காத்திருக்காது. முதலீடு பெற்ற போட்டியாளர் ஏற்கெனவே களத்தில் இருந்தார். அடுத்த ஆண்டே ஆக்செல் நிதியத்திடம் முதலீடு பெற்றார்கள். 2017-இல் ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய நிறுவனம், 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக்கில் பட்டியலானது. பங்கு வெளியீட்டில் 100 கோடி டாலருக்கு மேல் திரண்டது. பங்கு வைத்திருந்த பணியாளர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். நடுத்தர வர்க்கத்துச் சென்னை வீடுகளில் ‘பங்கு’ என்பதற்கு அன்றுதான் உயிர் வந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பட்டியலான நிறுவனம் ஒவ்வொரு காலாண்டும் சந்தைக்குப் பதில் சொல்ல வேண்டும். 2024 நவம்பரில் ஃபிரெஷ்வொர்க்ஸ் சுமார் 660 பேரை வேலையிலிருந்து அனுப்பியது. அதே சமயத்தில் 40 கோடி டாலர் வரை செலவிட்டுத் தன் பங்குகளைத் திரும்ப வாங்கப்போவதாகவும் அறிவித்தது. அப்போது வேம்பு பெயர் குறிப்பிடாமல் எழுதிய கடுமையான பதிவு பரவலாகப் பேசப்பட்டது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று விவாதம் திரும்பியது எனக்கு உடன்பாடில்லை. முதல் முதலீட்டுக் காசோலையை வாங்கும்போதே, எதிர்காலத்தில் யாருக்கு முதலில் பதில் சொல்வோம் என்பதும் முடிவாகிவிடுகிறது. 2011-இல் எடுத்த முடிவின் தொடர்ச்சிதான் 2024-இல் நடந்தது. 500 பேர் கோடீஸ்வரர்கள் ஆனதும் அதே முடிவின் தொடர்ச்சிதான். இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பணம் வந்தபின் தலைமை எப்படித் தடம் மாறும் என்பதற்கு இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ் வேதனையான சான்று. உச்சத்தில் 2,200 கோடி டாலராக மதிப்பிடப்பட்ட நிறுவனம் அது. 2020, 2021 ஆண்டுகளில் வைட்ஹேட் ஜூனியர், ஆகாஷ் என்று அடுத்தடுத்து நிறுவனங்களை வாங்கியது. 2021 இறுதியில் 120 கோடி டாலர் கடன் பெற்றது. கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்ட குழந்தைகளால் வந்த தேவை நிரந்தரமானது என்ற எண்ணத்தின் மேல் அடுக்கப்பட்டவை இவை. பள்ளிகள் திறந்ததும் தேவை குறைந்தது, கடன் குறையவில்லை. 2023 ஜூனில் தணிக்கையாளரும் இயக்குநர் குழுவின் மூன்று உறுப்பினர்களும் விலகினார்கள். 2024-இல் திவால் நடவடிக்கை தொடங்கியது. கையகப்படுத்தல், கடன் இரண்டுமே ஒருவழிக் கதவுகள். அவற்றை விளம்பரம் கொடுக்கும் வேகத்தில் திறந்தார்கள்.

இந்த இடத்தில் சரஸ் சரஸ்வதியின் ஆய்வு பெரிதும் உதவுகிறது. நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனின் மாணவியான இவர், அனுபவம் மிக்க 27 தொழில்முனைவோரிடம் ஒரு கற்பனை நிறுவனத்தைக் கொடுத்து, யோசிப்பதை உரக்கச் சொல்லச் சொன்னார். அவர்களில் பெரும்பாலோர் சந்தை ஆய்வு, லாபக் கணிப்பு என்று தொடங்கவில்லை. கையில் என்ன இருக்கிறது, யாரைத் தெரியும், இதில் எவ்வளவு இழந்தால் தாங்கும் என்று தொடங்கினார்கள். எவ்வளவு சம்பாதிக்கலாம் என்ற கேள்விக்கு முன்னால் எவ்வளவு இழக்கலாம் என்ற கேள்வி. இதை அமெரிக்கப் பாடநூல்கள் ஓர் உத்தியாகக் கற்பிக்கின்றன. நம் ஊரில் இது உத்தியைத் தாண்டிய விஷயம். அம்மாவின் நகைக் கடனில், அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத் தொடங்கும் நிறுவனத்தில், நிறுவனர் தோற்றால் நிறுவனம் மட்டும் மூடாது. ஆகவே எந்தத் தொகையைத் தாண்டக் கூடாது, எந்த மாதத்தைத் தாண்டக் கூடாது என்பதை வீட்டாரோடு உட்கார்ந்து முன்கூட்டியே எழுதி வைப்பது தலைமைப் பண்பின் முதல் செயல் என்று உறுதியாக நினைக்கிறேன்.

வேகத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது: வேகமாக முடிவெடுப்பவர் குறைவாக யோசிப்பவர் என்று. ஸ்டான்ஃபோர்டின் கேத்லீன் ஐசன்ஹார்ட் 1989-இல் எட்டு மைக்ரோகணினி நிறுவனங்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை இதைத் தலைகீழாக்கியது. வேகமாக முடிவெடுத்தவர்கள் கூடுதல் தகவலைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அது எதிர்காலக் கணிப்பு அல்ல. இந்த வாரம் எத்தனை ஆர்டர் வந்தது, கையில் எவ்வளவு ரொக்கம், எது தேங்கிக் கிடக்கிறது என்ற நடப்புத் தகவல். ஒரே ஒரு யோசனையை எடுத்து மாதக்கணக்கில் அலசாமல், மூன்று நான்கு மாற்றுகளை ஒரே நேரத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். அனுபவமுள்ள ஒருவரிடம் ஆலோசனை கேட்டார்கள். எல்லோரும் ஒத்துப்போக முயன்றார்கள். முடியவில்லையென்றால் அந்தத் துறைக்குப் பொறுப்பானவரும் தலைவரும் முடிவெடுத்து நகர்ந்தார்கள். மெதுவாக முடிவெடுத்தவர்களோ ஒருமித்த கருத்து வரும் என்று காத்திருந்தார்கள், அல்லது கெடு நெருங்கியதும் திடீரென்று ஏதோ ஒன்றைத் தீர்மானித்தார்கள். வேகம் தயாரிப்பிலிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வை நான் படித்ததில்லை.

அடுத்தது, நிறுத்தும் முடிவு. தொடங்கும் துணிச்சலைப் பற்றி எழுதப்பட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இதைப் பற்றி எழுதப்படவில்லை. நிறுவனர்களின் மனநிலையே இதற்குத் தடை. அமெரிக்காவில் ஏறத்தாழ 3,000 தொழில்முனைவோரிடம் கேட்டு 1988-இல் வெளியான ஆய்வில், 81 சதவீதத்தினர் தங்கள் வெற்றி வாய்ப்பைப் பத்துக்கு ஏழு அல்லது அதற்கு மேல் என்றார்கள். மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து என்றார். இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் தொடங்கமாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் ஆய்வாளர் பேரி ஸ்டா 1976-இல் வணிகவியல் மாணவர்களைக் கொண்டு செய்த சோதனையில், நஷ்டமான திட்டத்தைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள்தான் அதில் மேலும் பணத்தைக் கொட்டினார்கள். தொடங்கியவரே நிறுத்துவது கடினம். அவருக்கு அது தன் தோல்வியாகத் தெரிகிறது.

சில்லு நிறுவனமான இன்டெல்லில் நடந்ததை, அதன் அப்போதைய தலைவர்களில் ஒருவரான ஆண்டி குரோவ் தன் நூலில் எழுதியிருக்கிறார். 1985-இல் அது புதிய நிறுவனம் அல்ல. ஆயினும் அதை நிறுவியவர்கள் இன்னும் தலைமையில் இருந்தார்கள், நினைவகச் சில்லுகள்தான் நிறுவனத்தின் பிறப்பு அடையாளம். ஜப்பானிய நிறுவனங்கள் அந்தச் சந்தையை விழுங்கிக்கொண்டிருந்தன. அலுவலக ஜன்னல் வழியே தூரத்துப் பூங்காவின் ராட்டினம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த குரோவ், நிறுவனர்களில் ஒருவரான கார்டன் மூரிடம் கேட்டார்: நம்மை நீக்கிவிட்டுப் புதியவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? நினைவகச் சில்லுகளைக் கைவிடுவார் என்றார் மூர் தயங்காமல். அப்படியானால் நாமே வெளியே போய்த் திரும்பி வந்து அதைச் செய்தால் என்ன என்றார் குரோவ்.

இந்தக் காட்சியை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். இதைவிட முக்கியமான ஒன்றை ஆய்வாளர் ராபர்ட் பர்கெல்மன் பின்னர் ஆராய்ந்து எழுதினார். ஒரு சிலிக்கான் தகட்டுக்கு எதில் லாபம் அதிகமோ அதற்கு உற்பத்தியை ஒதுக்க வேண்டும் என்ற விதி இன்டெல்லில் முன்பே இருந்தது. அந்த விதிப்படி நடுநிலை மேலாளர்கள் ஏற்கெனவே நுண்செயலிகளுக்கு உற்பத்தியைத் திருப்பிவிட்டிருந்தார்கள். மேலே இருந்தவர்கள் மனத்தளவில் விடமுடியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது, கீழே ஒரு நல்ல விதி வேலையைச் செய்துகொண்டிருந்தது. தலைவரின் உள்ளுணர்வைவிட, அவர் அமைதியான காலத்தில் வகுத்து வைத்த விதி நம்பகமானது என்பதற்கு இது வலுவான சான்று.

சரியான நேரத்தில் நிறுத்தியவர்களும் உண்டு. 2012 இறுதியில் ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு, கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை மூடினார். பணம் தீர்ந்து மூடவில்லை. வங்கியில் லட்சக்கணக்கான டாலர் மீதம் இருந்தபோதே மூடினார். பெரும்பாலான பணியாளர்களை அனுப்ப வேண்டியிருந்தது. அதை அறிவிக்கும்போது அழுதுவிட்டதாக அவர் சொல்லியிருக்கிறார். அவர்களின் திறமைகளைக் காட்டும் ஒரு பக்கத்தை நிறுவனத்தின் தளத்திலேயே போட்டு வேலை தேடிக்கொடுத்தார்கள். மீதமிருந்த பணத்தில், தங்கள் குழுவுக்குள் பேசிக்கொள்ள உருவாக்கியிருந்த கருவியைப் பொருளாக்கினார்கள். அதுதான் ஸ்லாக், 2021-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை 2,770 கோடி டாலருக்கு வாங்கியது. ஸ்லாக் வெற்றி பெற்றிருக்காவிட்டாலும் கிளிட்சை அந்த நேரத்தில் மூடியது சரியான முடிவே. பணம் மீதமிருந்தால்தான் பணியாளர்களைக் கௌரவமாக அனுப்ப முடியும்.

சென்னை ஐஐடியில் உருவான அக்னிகுல் நிறுவனம் நேரத்தில் நிறுத்துவதை வேறொரு களத்தில் காட்டியது. முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த இன்ஜின் கொண்ட ராக்கெட்டை, ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து செலுத்தும் முயற்சியை 2024-இல் பலமுறை ஒத்திவைத்தது. மே 28 அன்று கிளம்ப ஒருசில நொடிகள் இருக்கும்போது நிறுத்தினார்கள். கடைசி நொடிகளில் அப்படி நிறுத்த, எந்த அளவீடு தவறினால் நிறுத்துவது என்பது முன்னமே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். மே 30 அன்று ராக்கெட் பறந்தது. ஜோஹோவும் தன் அரைக்கடத்தி உற்பத்தித் திட்டத்தை 2025-இல் நிறுத்தி வைத்தது. தொழில்நுட்பத்தில் போதிய உறுதி ஏற்படாமல் மக்கள் வரிப்பணத்தை வாங்க விரும்பவில்லை என்று வேம்பு வெளிப்படையாகச் சொன்னார். முன்கூட்டியே எழுதி வைப்பதன் பலனுக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. இத்தாலியில் 116 புத்தொழில்களை இரு பிரிவாக்கிச் செய்த சோதனை 2020-இல் வெளியானது. தங்கள் எண்ணத்தைக் கருதுகோளாக எழுதிச் சோதித்துப் பார்க்கப் பயிற்சி பெற்றவர்கள், மற்றவர்களைவிட அதிகமாகத் திட்டத்தை மாற்றினார்கள். வருமானமும் அவர்களுக்கே அதிகம்.

இவ்வளவும் செய்ய, கெட்ட செய்தி தலைவர் காதுக்கு வர வேண்டும். 2011-இல் நெட்ஃபிளிக்ஸ், டிவிடி வாடகையையும் இணைய ஒளிபரப்பையும் பிரித்துக் கட்டணத்தை ஏறத்தாழ 60 சதவீதம் உயர்த்தியது. டிவிடி பகுதிக்கு குவிக்ஸ்டர் என்று தனிப்பெயரும் சூட்டியது. ஒரே காலாண்டில் 8 லட்சம் சந்தாதாரர்கள் விலகினார்கள். சில வாரங்களிலேயே குவிக்ஸ்டரைக் கைவிட்டார்கள். பல மேலாளர்களுக்கு முன்பே சந்தேகம் இருந்தது, ஆனால் நிறுவனத் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் எப்போதும் சரியாகவே இருந்திருக்கிறார் என்று வாய் திறக்கவில்லை என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. அதன்பின் பெரிய யோசனைகளை ஒரு பொதுத் தாளில் எழுதி, ஒவ்வொருவரும் கழித்தல் பத்திலிருந்து கூட்டல் பத்து வரை மதிப்பெண்ணும் காரணமும் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். ‘சார்’ என்று எழுந்து நிற்கும் பழக்கம் பள்ளியிலிருந்தே ஊறிய நம் அலுவலகங்களுக்கு இது அதிகம் பொருந்தும். கூட்டத்தில் “எல்லாருக்கும் ஓகேதானே?” என்று நிறுவனர் கேட்டால் “ஓகே சார்” என்றுதான் வரும். இளையவர் முதலில் பேசும்படி வரிசையை மாற்றுவதும், பேசுமுன் எழுதித் தரச் சொல்வதும் செலவில்லாத மாற்றங்கள்.

கடைசி ஒருவழிக் கதவு தலைமையையே கைமாற்றுவது. வாசர்மேன் 2008-இல் எழுதிய கட்டுரையின்படி, அவர் ஆராய்ந்த 212 அமெரிக்கப் புத்தொழில்களில் மூன்றாண்டு முடியும்போது நிறுவனர்களில் பாதிப்பேர் தலைமைச் செயல் அதிகாரியாக இல்லை. பலர் விருப்பமின்றி வெளியேறியவர்கள். மாத்ருபூதம் 2024-இல் பொறுப்பை டென்னிஸ் வுட்சைடிடம் ஒப்படைத்தார். வேம்பு 2025 ஜனவரியில் விலகித் தலைமை அறிவியலாளர் ஆனார். சைலேஷ் குமார் தாவே பொறுப்பேற்றார். இரண்டுமே நெருக்கடி முற்றித் தள்ளப்பட்ட மாற்றங்கள் அல்ல.

இத்தனை ஆய்வுகளிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. பெரும்பாலானவை அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களைப் பற்றியவை. நினைவுக் குறிப்புகள் பிழைத்தவர்கள் எழுதியவை. மதுரையிலோ ஈரோட்டிலோ மூன்றாண்டு நடந்து மூடிய நிறுவனம் ஏன் மூடியது, பங்கு எப்படிப் பிரிந்தது, கடனை யார் கட்டினார்கள், கடைசி மாதச் சம்பளம் கொடுக்கப்பட்டதா என்பதற்கு எந்தப் பதிவும் இல்லை. ஐஐடியின் தொழில் வளர்மையம் முதல் மாவட்டக் கல்லூரிகளின் மையங்கள் வரை, தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் உட்பட, தங்களிடம் வரும் ஒவ்வொரு குழுவையும் முதல் மாதமே மூன்று விஷயங்களை எழுதித் தரச் சொல்லலாம்: பங்குப் பிரிவினையும் அதன் காரணமும், தாங்கக்கூடிய இழப்பின் எல்லை, எந்த நிலை வந்தால் நிறுத்துவோம் என்பது. மூடும் நாளில் அதே தாளை எடுத்து என்ன நடந்தது என்று அடியில் எழுத வைத்து, பெயர்களை நீக்கி வெளியிடலாம். பத்தாண்டுகளில் தமிழில் நம்மைப் பற்றிய முதல் உண்மையான ஆய்வுக்கான தரவு அதிலிருந்தே கிடைத்துவிடும்.